என்கிளெக்ஸ்: 85-வது கேள்வியோடு திரை நின்றுவிட்டால்?

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வில் தேறியாக வேண்டும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015-லும், வெளிநாட்டில் படித்தவர்களுக்காக ஆஸ்திரேலியா 2020-லும் இதே தேர்வை ஏற்றுக்கொண்டன. சென்னையிலேயே எழுதலாம் என்பதால், நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து புத்தகத்தை விரிக்கும் சிஸ்டர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்களில் பாடக் குறிப்புகளோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் சுற்றுகின்றன. கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்த நம்பிக்கைகள்தான், நன்றாகப் படித்தவரைத் தேர்வு அறையில் தடுமாற வைக்கின்றன.

“85 கேள்வியோடு நின்றால் பாஸ், 150 வரை இழுத்தால் ஃபெயில்.”

எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு செய்வது இதுதான். 1994 முதல் இந்தத் தேர்வைக் கணினிதான் நடத்துகிறது. நீங்கள் ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தால் அடுத்தது சற்றுக் கடினமாக வரும். தவறினால் சற்று எளிதாக வரும். கண் டாக்டர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பாரே, அது போலத்தான். எத்தனை லென்ஸ் மாற்றினார் என்பதை வைத்துப் பார்வை நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது. அளவு உறுதியாகப் பிடிபடும் வரை மாற்றிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

கணினி தேடுவதும் அந்த உறுதியைத்தான். உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறது, அல்லது கீழே இருக்கிறது என்று 95 சதவீத நிச்சயம் கிடைத்ததும் தேர்வு நின்றுவிடும். மிக நன்றாகச் செய்பவருக்கும் 85-ல் நிற்கும், மிக மோசமாகச் செய்பவருக்கும் 85-ல் நிற்கும். கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருப்பவருக்கு 150 வரை போகும். கடைசிக் கேள்விக்குப் பிறகு திறன் மதிப்பீடு கோட்டுக்கு மேலே இருந்தால் தேர்ச்சி. ஆகவே 86-வது கேள்வி திரையில் வந்தால் நீங்கள் இன்னும் தோற்கவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் “போச்சு” என்று மனம் விட்டவர்கள் அடுத்த அறுபத்தைந்து கேள்விகளைப் படிக்காமலே தட்டிவிட்டு வெளியே வருகிறார்கள். நான் இந்தப் பத்தியை எழுதக் காரணமே அவர்கள்தான். சிலரைக் குலுக்கல் முறையில் பொறுக்கி 150 கேள்வியும் கொடுக்கிறார்கள் என்ற பேச்சும் உண்டு. அப்படி எதுவும் கிடையாது.

இதன் உடன்பிறப்பு ஒன்று: “கேள்வி கடினமாகிக்கொண்டே போனால் தேறுகிறோம், திடீரென்று எளிதாக வந்தால் சறுக்குகிறோம்.” எது கடினம் என்பதை எழுதுபவர் கணிக்கவே முடியாது. உங்களுக்குப் பழக்கமான வார்டிலிருந்து வந்த கடினமான கேள்வி எளிதாகத் தெரியும். பழக்கமில்லாத துறையின் எளிய கேள்வி மலையாகத் தெரியும். போதாததற்கு, எல்லோருக்கும் 15 கேள்விகள் சோதனைக்காகக் கலந்து வருகின்றன. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை, எவை என்று யாருக்கும் தெரியாது. பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ‘சாட்டா’ கேள்விகள் அடுத்தடுத்து வந்தால் உயர்ந்த தளத்துக்குப் போய்விட்டோம் என்பதும் கற்பனையே. கேள்வியின் வடிவத்துக்கும் அதன் கடினத்துக்கும் சம்பந்தமில்லை. யாராக இருந்தாலும் ஏறக்குறையப் பாதிக் கேள்விகளைத் தவறவிடும்படிதான் இந்த முறை வேலை செய்கிறது. பாதி தப்பாகப் போன உணர்வோடு வெளியே வருவது இயல்பு.

“சாட்டாவில் ஒன்று விட்டாலும் பூஜ்யம்.” ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வடிவத்தில், சரியான ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மதிப்பெண் கூடும், தவறான ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே எல்லாக் கட்டங்களையும் டிக் அடித்து வைப்பதில் லாபமில்லை. ஏன் என்று உங்களால் காரணம் சொல்ல முடிகிறவற்றை மட்டும் தொடுங்கள். பழைய புத்தகத்தை யாராவது இனாமாகக் கொடுத்தால் நோய்களைப் பற்றிய பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தேர்வு முறை பற்றிய அத்தியாயத்தை நம்ப வேண்டாம்.

இனி விடை தேர்ந்தெடுக்கும் சூத்திரங்களுக்கு வருவோம். கோச்சிங் சென்டர்கள் அதிகம் விற்பது இவற்றைத்தான்.

“மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். இந்த வரிசையில் எடு, தப்பாது.” வரிசை சரிதான், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்தான் தப்பும். டியூட்டி ஏற்றதும் முதலில் யாரைப் பார்ப்பீர்கள் என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். ஒருவர் நெடுநாள் சிஓபிடி நோயாளி, ஆக்சிஜன் அளவு 90, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்கிறார். இன்னொருவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு தொடை வழியாக ஆஞ்சியோகிராம் முடிந்தது. இப்போது அந்தக் கால் மரத்துப்போகிறது, பாதம் சில்லென்று இருக்கிறது. மூன்றாமவர் இன்று டிஸ்சார்ஜ், இன்சுலின் போடக் கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறார். சூத்திரத்தை மட்டும் வைத்திருப்பவர் ‘மூச்சு’ என்ற சொல்லைப் பார்த்ததும் முதல் நபரிடம் ஓடுவார். ஆனால் சிஓபிடி நோயாளிக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. அவருடைய 90 எதிர்பார்த்த அளவு. இரண்டாமவருக்குக் காலுக்குப் போகும் ரத்தம் அடைபட்டிருக்கிறது, தாமதித்தால் காலே போய்விடும். விடை அவர்தான். இது புதிதா பழையதா, எதிர்பார்த்ததா எதிர்பாராததா, உயிருக்கோ உறுப்புக்கோ இப்போதே ஆபத்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வரிசையைத் தொட வேண்டும்.

“முதலில் மதிப்பிடு, பிறகு செயல்படு” என்பதும் இப்படியே. ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வருகின்றன. பிபி பார்ப்பதா, டாக்டரைக் கூப்பிடுவதா, ரத்தத்தை நிறுத்துவதா? மதிப்பீடு ஏற்கெனவே கேள்விக்குள்ளேயே முடிந்துவிட்டது. நிறுத்துவதுதான் முதல் வேலை. புது டியூப் வழியாக நார்மல் சலைன் ஓடவிட்டு நரம்பைக் காப்பாற்றி வைப்பது, பிபி, டாக்டர், ரத்த வங்கி எல்லாம் அடுத்து. கேள்வியில் தகவல் போதாமல் இருக்கும்போதுதான் மதிப்பீடு முந்துகிறது.

“டாக்டரைக் கூப்பிடு என்ற விடை எப்போதுமே தப்பு” என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பொட்டாசியம் 6.8, ஈசிஜியில் டி அலை கூம்பாக எழுந்து நிற்கிறது, பொட்டாசியம் கலந்த டிரிப்பை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். இதற்கு மேல் டாக்டரைக் கூப்பிடாமல் என்ன செய்யப் போகிறீர்கள்? உங்கள் கையில் இருக்கும் வேலை மிச்சமிருக்கும்போது கூப்பிட்டால்தான் அது தப்பு. நீளமான விடைதான் சரி, மூன்றாவது விடைதான் சரி என்பவற்றைப் பற்றிப் பேசி இடத்தை வீணாக்க வேண்டாம்.

நம் ஊர் நர்ஸ்களுக்கு மட்டும் உரிய நம்பிக்கை ஒன்று உண்டு: “பத்து வருஷ ஐசியூ அனுபவம் இருக்கிறது, இது எம்மாத்திரம்.” அனுபவம் பெரிய செல்வம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேர்வு வர்ணிக்கும் வார்டு வேறு. அங்கே நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க உறவினர் இல்லை. உதவிக்கு நர்ஸிங் அசிஸ்டன்ட் இருக்கிறார். யாரிடம் எதை ஒப்படைக்கலாம் என்பதே தனிப் பாடம். நிலையாக இருக்கும் நோயாளிக்கு பிபி பார்ப்பது, குளிப்பாட்டுவது, நடக்கத் துணை போவது ஆகியவற்றை அசிஸ்டன்டிடம் கொடுக்கலாம். மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, பலன் கிடைத்ததா என்று முடிவு செய்வது ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. நாற்பது படுக்கைக்கு இரண்டு சிஸ்டர்கள் என்று ஓடிப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதியில்தான் கால் இடறுகிறது. மருந்துப் பெயர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அங்கே பாராசிட்டமால் என்பது அசிட்டமினோஃபென், சால்புட்டமால் என்பது அல்புட்டெரால், அட்ரினலின் என்பது எபிநெஃப்ரின்.

“நேரம் போதாது, கடைசியில் வேகமாகத் தட்டி முடித்துவிடு.” ஐந்து மணி நேரம், அதிகபட்சம் 150 கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் விழுகிறது. இடைவேளை எடுத்தால் அதுவும் இதே நேரத்தில்தான் கழியும். குறைந்தபட்சக் கேள்விகளை முடிக்காமல் நேரம் தீர்ந்தால் தோல்வி. 85-ஐத் தாண்டிய பிறகு தீர்ந்தால், அதுவரை எழுதியதை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதனால் கடைசி நேரத்தில் படிக்காமல் தட்டும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் மதிப்பீட்டைக் கீழே இழுக்கும். திரும்பிப் போய் விடையை மாற்ற வழியில்லை, தாண்டிப் போகவும் வழியில்லை. எனவே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டால் இரண்டு விடைகளை நீக்கிவிட்டு, மிஞ்சியதில் நோயாளிக்குப் பாதுகாப்பான ஒன்றை எடுத்து நகருங்கள்.

பணம் கொடுத்தால் “போன வாரம் வந்த கேள்விகள்” கிடைக்கும் என்று டெலிகிராமில் விற்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் தேர்வில் உட்காருகிறார்கள். மீறியது தெரிந்தால் முடிவையே ரத்து செய்ய முடியும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய குடும்பத்துக்கு அது தாங்க முடியாத அடி. மேலும், ஆயிரக்கணக்கான கேள்விகளிலிருந்து ஆளுக்கொரு தொகுப்பைக் கணினி அங்கேயே எடுக்கும்போது, இன்னொருவருக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று எதை வைத்து நம்புவது?

ஒருமுறை தவறினால் கதவு மூடிவிடும் என்ற பயமும் வேண்டாம். பொதுவாக 45 நாள் இடைவெளிக்குப் பிறகு மறுபடி எழுதலாம். சில மாநிலங்கள் மட்டும் கூடுதல் நிபந்தனை வைக்கின்றன. தேறாதவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். ஒவ்வொரு பாடப் பிரிவிலும் நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே என எங்கே இருந்தீர்கள் என்று அதில் இருக்கும். அழுதுவிட்டு அதைக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. கிழிக்காதீர்கள். ‘கீழே’ என்று வந்த பிரிவுகளை முதலில் எடுங்கள், ‘அருகே’ என்பவற்றை அடுத்து. ‘மேலே’ என்பவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் போதும்.