சாலையின் வளைவும் ஏற்றமும்

பாகான் டாலாமில் நின்று நோக்குவோர்க்கு நிலம் தட்டையாகவே தோன்றும். கடலும் கரையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் உள்ளன. அங்கிருந்து தெற்கே பிறைக்குச் சென்று பினாங்குப் பாலத்தை அடைந்தாலோ, வண்டி வளைந்து திரும்புவதையும், மெல்ல மேலேறிப் பின் இறங்குவதையும் உணரலாம். நெடுஞ்சாலை வழியே ஈப்போவை நோக்கிச் செல்வோர் கோலகங்சாரைக் கடந்ததும் மலைகளிடையே ஏறி, மெனோரா சுரங்கப்பாதையினுள் நுழைந்து, ஜெலாப்பாங்கை நோக்கி இறங்குவர்.

இவ்வளைவுகளும் ஏற்றங்களும் தற்செயலாக அமைந்தவையல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேகத்தை மனத்திற் கொண்டு கணக்கிடப்பட்டதாகும். சாலையோரப் பலகையில் காணும் வேக எண் அக்கணக்கிலிருந்து பிறந்தது. இதனைத் தோட்டப் பாட்டாளிகளாகிய நாம் அறிவது பயனுடையது. நாள்தோறும் மோட்டார் சைக்கிளிலும் லோரியிலும் மேடுபள்ளமான சாலைகளில் செல்வோர் நாமன்றோ?

மலைச்சரிவு கற்பிக்கும் பாடம்

சரிவான நிலத்தில் ரப்பர் நடும்போது, மலையைச் சுற்றிப் படிபடியாக மண்ணை வெட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரே மட்டத்தில் மரங்களை நடுகின்றனர். மண் அரிப்பைத் தடுப்பதோடு, பால் வாளியைச் சுமந்து செல்வோரின் உழைப்பையும் இது குறைக்கின்றது. நேரே செங்குத்தாக ஏறுவதைவிடச் சுற்றிச் செல்வது தொலைவு மிகுந்ததாயினும் எளிது என்பது வெட்டுத் தொழிலாளர் அனைவரும் அறிந்த உண்மை.

மலைச்சாலை அமைப்போர் கையாளும் முதல் விதியும் இதுவே. அவர்கள் தொலைவைக் கூட்டிச் சரிவைக் குறைக்கின்றனர்.

சரிவை அளத்தல்

100 மீட்டர் தொலைவு செல்வதற்குள் சாலை 5 மீட்டர் உயருமாயின், அதன் சரிவு நூற்றுக்கு 5 எனப்படும். 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முழு நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடல்மேல் அமைந்துள்ளது. கப்பல்கள் செல்வதற்காக அதன் நடுப்பகுதி நீர்மட்டத்திற்கு மேல் 33 மீட்டர் இடைவெளி விட்டு உயர்ந்து நிற்கின்றது. நூற்றுக்கு 3 என்னும் சரிவில் 33 மீட்டர் உயர வேண்டுமாயின் 1,100 மீட்டர் நீளம் தேவை. நூற்றுக்கு 10 எனின் 330 மீட்டர் போதும். ஆயினும் பாரமேற்றிய லோரி அதில் ஊர்ந்தே செல்லும். பின்னால் வரும் வண்டிகள் பொறுமையிழந்து முந்த முயலும், விபத்து நேரும்.

ஏற்றத்தினும் இறக்கமே மிகுந்த ஆபத்துடையது. 10 டன் எடையுள்ள லோரி 100 மீட்டர் உயரத்திலிருந்து வேகம் கூடாமல் இறங்குவதாகக் கொள்வோம். அதைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் முழுவதும் பிரேக்கிலேயே வெப்பமாக மாறினால், அவ்வெப்பம் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது! பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகையால் இறங்கத் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினே வண்டியைத் தடுக்குமாறு செய்தல் வேண்டும்.

மலைச்சாலைகளில் நேர்ந்த துயரங்களை நம் நாடு மறக்கவில்லை. 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் கெந்திங் மலைச்சாலையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் கிரீக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் நேர்ந்த பேருந்து விபத்தில் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் உயிரிழந்தனர். மலைச்சாலையில் வண்டி, ஓட்டுநர், சாலை ஆகிய மூன்றும் ஒருங்கே நன்னிலையில் இருத்தல் வேண்டும். ஒன்று தவறினும் மற்ற இரண்டும் ஈடு செய்ய இயலாது போகலாம்.

வளைவின் கணக்கு

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கயிறு அதனை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கயிறு அறுந்தால் கல் வட்டத்தை விட்டு நேரே பறந்துவிடும். வளைவில் திரும்பும் வண்டியும் அத்தகையதே. அதனை உள்நோக்கி இழுக்கும் கயிறு இரண்டு: ஒன்று, டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள பிடிப்பு, மற்றொன்று, சாலையின் சாய்வு.

பட்டர்வொர்த் இரயில் நிலையத்திற்கு வரும் தண்டவாளங்களைப் போன்றவற்றை நன்கு நோக்கினால், இரயில்கள் விரைந்து செல்லும் வளைவுகளில் வெளிப்புறத் தண்டவாளம் சற்று உயர்ந்திருப்பது புலப்படும். நெடுஞ்சாலையிலும் அவ்வாறே வளைவின் வெளிப்புற ஓரத்தை உயர்த்தி அமைக்கின்றனர். ஆயினும் இதனை அளவின்றி உயர்த்த இயலாது. மிகுதியாகச் சாய்த்தால், மழை நாளில் மெல்லச் செல்லும் வண்டி உட்புறமாக வழுக்கும். உயரமாகப் பாரமேற்றிய லோரி சரியும். எனவே நூற்றுக்கு 10 அளவிலேயே பெரும்பாலும் நிறுத்திக்கொள்கின்றனர்.

இனி வேகத்தைக் காண்போம். வேகம் இருமடங்கானால் வண்டியைத் திருப்பத் தேவையான விசை இருமடங்கன்று, நான்கு மடங்காகும். வளைவை முழு வட்டமாக வரைந்து பார்த்தால், அவ்வட்டத்தின் நடுவிலிருந்து சாலைவரை உள்ள தொலைவே அதன் ஆரம். சாய்வு நூற்றுக்கு 10, டயரின் பிடிப்பு நூற்றுக்கு 12 எனக் கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற்கு ஏறக்குறைய 57 மீட்டர் ஆரம் போதும். 80 கிலோமீட்டருக்கோ ஏறக்குறைய 229 மீட்டர் வேண்டும்.

இதன் பொருள் என்ன? 40 என்று எழுதப்பட்ட வளைவில் 80இல் செல்பவர், இருமடங்கு துணிவு காட்டுவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் சாலையிடம் நான்கு மடங்கு கடன் கேட்கிறார். சாலையிடம் அவ்வளவு இருப்பு இல்லை.

நேர்ச்சாலையையும் வளைவையும் திடீரென இணைப்பதும் தவறு. ஓட்டுநர் சுக்கானை ஒரே நொடியில் திருப்புவதில்லை. சிறிது சிறிதாகவே திருப்புகிறார். ஆகையால் வளைவும் சிறிது சிறிதாகவே இறுகுமாறு இடைவளைவு ஒன்றை அமைக்கின்றனர். நீண்ட லோரியின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உட்புறமாகச் செல்லுமாதலின், குறுகிய வளைவுகளில் சாலையை அகலப்படுத்துவதும் உண்டு.

கண்ணுக்கு எட்டும் தொலைவு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஓட்டுநர், இடையூறு ஒன்றைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க 2.5 நொடி ஆகுமெனப் பொறியியலார் கணக்கிடுவர். அதற்குள் வண்டி ஏறக்குறைய 42 மீட்டர் ஓடிவிடும். நனைந்த தார்ச்சாலையில் முற்றும் நிற்க மேலும் 40 மீட்டர் வேண்டும். நூற்றுக்கு 8 சரிவுள்ள இறக்கமாயின் மேலும் 50 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே 80 முதல் 95 மீட்டர்வரை சாலை கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். மேட்டின் உச்சியை மழுக்கி அமைப்பதும், வளைவின் உட்புறத்து மண்ணைச் செதுக்கி விலக்குவதும் இதன் பொருட்டே.

அவ்வாறெனின் சாலை முழுவதையும் நேராக அமைத்தால் என்ன? நீண்ட நேர்ச்சாலை கண்ணை மயக்கும், உறக்கத்தை வரவழைக்கும், வேகத்தையும் தூண்டும். ஒரு காலத்தில் தோட்டங்கள் நிறைந்திருந்த பத்து காவானிலிருந்து பத்து மாவுங்வரை செல்லும் இரண்டாம் பாலம் 2014ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம், 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்தைப் போன்று வளைந்து செல்கின்றது. விரிந்த மென்மையான வளைவு ஓட்டுநரை விழிப்புடன் வைத்திருக்கும்.

தோட்டத்தில் நாம் செய்யத்தக்கவை

தோட்டத்துச் செம்மண் சாலைகள் பலவும் இத்தகைய கணக்குகளின்றித் தோன்றியவை. ஆதலால் அங்கே நம் கவனமே கணக்காக அமைதல் வேண்டும்.

1. வளைவின் உட்புறத்தில் வளரும் லாலாங் புல்லையும் புதரையும் அவ்வப்போது வெட்டுக. எதிரே வருபவரைக் காண இதைவிட மலிவான வழி வேறில்லை.

2. இறக்கத்தில் உள்ள ஓரக் கால்வாய்களில் இலை அடையாது காத்திடுக. அடைபட்ட நீர் சாலையின் நடுவே பாய்ந்து பள்ளம் பறிக்கும்.

3. வளைவில் நுழையுமுன்னரே வேகத்தைக் குறைத்திடுக. வளைவினுள் திடீரெனப் பிரேக் பிடித்தால், திரும்புவதற்குரிய பிடிப்பை நிற்பதற்குச் செலவிட்டவராவோம். சிதறிய மணலும் ஈர இலையும் மோட்டார் சைக்கிளை எளிதில் சறுக்கச் செய்யும்.

4. அரைகுறையாகப் பால் நிறைந்த டாங்கி லோரி, முழுதும் நிறைந்ததைவிட வளைவில் நிலை தடுமாறலாம். உள்ளே பால் ஒருபுறமாக அலைந்து மோதுவதே காரணம். அதனை ஓட்டுவோர் இருமடங்கு நிதானம் கொள்ளுதல் நன்று.

5. பள்ளம் விழுந்த அல்லது ஓரம் சரிந்த இடத்தைக் கண்டால், காலந்தாழ்த்தாது நிருவாகத்திடம் தெரிவித்திடுக.

வேகப் பலகை அதிகாரத்தின் மிரட்டல் அன்று. அவ்வளைவை அளந்து அறிந்த ஒருவர் நமக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த எச்சரிக்கை அது. அதனை மதித்து நடப்போர் மாலையில் இல்லம் திரும்புவர். அவர்தம் பிள்ளைகள் வாசலில் காத்திருப்பது வீண்போகாது.