சாலையில் நடப்போர் உயிரும் ஓட்டுநரின் பொறுப்பும்

(வட்டார வளர்ச்சி அலுவலர்)

நல்ல சாலை கிராம முன்னேற்றத்தின் முதற்படி என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். விளைபொருள் சந்தையை அடைவதும், பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வதும், நோயாளி உரிய காலத்தில் மருத்துவமனை சேர்வதும் சாலையினால்தான். ஆனால் அதே சாலை வழியாகச் சில வேளைகளில் மரணமும் நம் ஊருக்குள் வந்துவிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்குக் கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் காலால் நடந்து சென்றவர்கள். வண்டி ஏதும் ஏறாமல், வயலுக்கோ கடைக்கோ கோவிலுக்கோ நடந்து போனவர்கள் ஐந்தில் ஏறக்குறைய ஒரு பங்கு என்பது நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும்.

இத்தகைய மரணம் நேர்ந்தவுடன் பல ஊர்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, கூடியிருப்போர் ஓட்டுநரைப் பிடித்து அடித்து, வண்டியை நொறுக்குகிறார்கள். மற்றொன்று, பெரியவர்கள் சிலர் கூடி ஒரு தொகையைப் பேசி, இறந்தவர் குடும்பத்தினரிடம் கையெழுத்து வாங்கி, விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். முன்னது சினத்தால் அளந்த தண்டனை. பின்னது பணத்தால் அளந்த தண்டனை. இவ்விரண்டும் நீதி ஆகா. தண்டனைக்கு அளவுகோல் ஓட்டுநர் செய்த குற்றம். இழப்பீட்டுக்கு அளவுகோல் குடும்பம் அடைந்த இழப்பு. இவ்விரண்டு அளவுகோல்களையும் ஒன்றோடொன்று கலக்கலாகாது. இந்த உண்மையை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிவாக உணர்ந்துகொள்வதற்காகவே இப்பாடம் எழுதப்படுகிறது.

1. பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

“குறுக்கே வந்துவிட்டார், நான் என்ன செய்வேன்?” என்று ஓட்டுநர் கூறுவது வழக்கம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். எனினும் ஓட்டுநரின் பொறுப்பு, மனிதர் எதிர்ப்பட்ட அந்தக் கணத்தில் தொடங்குவதன்று. வேகத்தைத் தெரிந்தெடுத்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. இதைச் சிறு கணக்கினால் விளக்கலாம்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாகச் செல்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். பின்னர் உலர்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க இன்னும் 5 மீட்டர் வேண்டும். ஆக 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதே கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குள் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் நிற்க 20 மீட்டர் தேவை. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது என்பது இதனால் விளங்கும்.

இப்பொழுது 20 மீட்டருக்கு முன்னால் ஒரு மூதாட்டி சாலையைக் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி அவரை அடையுமுன் நின்றுவிடும். இரண்டாவது வண்டியோ ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வேகத்தில் அவர்மீது மோதும். இரு ஓட்டுநர்களும் கண்டது ஒரே காட்சி. பிரேக்கை மிதித்ததும் ஒரே விரைவில். வேறுபாடு முன்னரே செய்யப்பட்டுவிட்டது. குடியிருப்புக்கள், பள்ளி, சந்தை ஆகியவற்றின் அருகே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும், நடந்து செல்வோர், மிதிவண்டியில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் செலுத்த வேண்டுமென்று விதிக்கின்றன.

2. குற்றத்தின் படிகள்

ஒருவர் இறந்துவிட்டார் என்பதனாலேயே எல்லா ஓட்டுநர்களும் ஒரே அளவு குற்றவாளிகள் ஆகிவிடமாட்டார்கள். சட்டம் குற்றத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கிறது.

முதற்படியில் குற்றமே இல்லை. உரிய கவனத்துடன் முறைப்படி வண்டி ஓட்டியும், எதிர்பாராத விதமாக ஒருவர் பாய்ந்து வந்து அடிபட்டால், அது விபத்து. அங்குத் தண்டனை இல்லை.

இரண்டாம் படி கவனக்குறைவும் அசட்டுத் துணிச்சலும். கைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவது, வளைவில் முந்துவது, கூட்டமுள்ள இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் செல்வது ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுக்கள். இதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு இரண்டாண்டு வரையிலான சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருந்தது. 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு இதனை ஐந்தாண்டு வரையிலான சிறையும் அபராதமும் என்று உயர்த்தியுள்ளது.

மூன்றாம் படி, தன் செயலால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே அதைச் செய்வது. இதற்கு 105-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம். 2006-ஆம் ஆண்டில் மும்பை நகரில், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மீது குடிபோதையில் ஒருவர் கார் ஏற்றியதால் ஏழு பேர் மாண்டனர். அது வெறும் கவனக்குறைவன்று என்று கருதி, இந்த மூன்றாம் படிக்குரிய குற்றமாகவே கொண்டு, விதிக்கப்பட்ட மூன்றாண்டுத் தண்டனையை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆகவே நியாயமான தண்டனை எது என்று வினவுவோர், “எத்தனை பேர் இறந்தார்கள்?” என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு வேகம்? எத்தகைய இடம்? குடித்திருந்தாரா? உரிமம் உண்டா? முன்பும் இவ்வாறு ஓட்டியவரா? அடிபட்டவரைத் தூக்கிச் சென்றாரா, விட்டுவிட்டு ஓடினாரா? நடந்து சென்றவர் பக்கம் பிழை ஏதும் உண்டா? இவற்றையெல்லாம் ஆராய்ந்தால்தான் தண்டனை குற்றத்துக்குப் பொருந்தும். குற்றவாளியாக முடிவு செய்யப்பட்டவரின் ஓட்டுநர் உரிமத் தகுதியைப் பறிப்பதற்கும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிறைத் தண்டனை நீளமாக இருப்பதைவிட, ஆபத்தான கையில் மீண்டும் வண்டி சேராதிருப்பது சில வழக்குகளில் ஊருக்கு அதிகப் பாதுகாப்பாகும்.

3. பணம் தண்டனையைக் கழிக்குமா?

பஞ்சாப் மாநிலத்து வழக்கு ஒன்று இங்கே கருதத்தக்கது. 2007-இல் நேர்ந்த விபத்தில் இருவர் இறந்தனர். ஓட்டியவருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இழப்பீடாக 85,000 ரூபாய் செலுத்தப்பட்டதைக் கருதி, உயர் நீதிமன்றம் அத்தண்டனையை அவர் ஏற்கனவே சிறையிலிருந்த 24 நாட்களாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் 2015-இல் இதனை ஏற்கவில்லை. தண்டனையை ஆறு மாதமாக உயர்த்தியது. இழப்பீடு செலுத்துவது வேறு, குற்றத்துக்குத் தண்டனை அடைவது வேறு என்பதை இத்தீர்ப்பு நமக்கு உணர்த்துகிறது.

இருதரப்பாரும் தாமே சமரசம் செய்து முடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் பட்டியலிட்டிருக்கும் குற்றங்களில் இது சேரவில்லை. எனவே ஊர்ப் பெரியவர்கள் முன்னின்று வாங்கிக் கொடுக்கும் கையெழுத்து வழக்கை முடிக்காது. அது சாட்சிகளின் வாயை அடைக்கும். குடும்பத்தின் உரிமையையும் கெடுக்கும்.

அந்த உரிமையின் அளவைப் பார்ப்போம். 38 வயதுள்ள விவசாயத் தொழிலாளி ஒருவர், மாதம் 10,000 ரூபாய் ஈட்டியவர், மனைவி, இரு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வரை விட்டு இறந்தார் என்று கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் மாதம் 14,000, ஆண்டுக்கு 1,68,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,26,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆகக் குடும்பத்தின் வருமான இழப்பு மட்டும் 18,90,000 ரூபாய். ஐம்பதாயிரத்துக்கோ ஒரு லட்சத்துக்கோ பேசி முடிக்கும் பெரியவர்கள், விதவையின் கையிலிருந்து எவ்வளவு பறிபோக விடுகிறார்கள் என்பதை இக்கணக்குக் காட்டும்.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நேர்ந்த ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நன்று. மோதிய வண்டி இன்னதென்றே தெரியாவிட்டாலும் குடும்பம் கைவிடப்படுவதில்லை. 1-4-2022 முதல் நடைமுறையிலுள்ள திட்டப்படி, அத்தகைய மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தை இதற்காக அணுகலாம்.

4. ஓட்டுநர் ஏன் ஓடுகிறார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பிக்கவும், காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் ஓட்டுநரைக் கடமைப்படுத்துகிறது. கூட்டத்தின் சினத்தால் அடிபட்டவருக்கு உதவ இயலாத நிலைக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. சட்டமே இவ்வாறு கூறவேண்டியிருப்பது நம்மைப் போன்றோர் வெட்கப்படத்தக்க செய்தி அன்றோ?

மோதிவிட்டு உடனே தெரிவிக்காமல் ஓடுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று 106(2) பிரிவு கூறுகிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் பத்தாண்டுச் சிறை என்பது அவர்கள் முறையீடு. 1-7-2024-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஓட்டுநரின் அச்சத்தைக் காரணமாகக் காட்டி, குருதி சிந்திக் கிடப்பவரைக் கைவிடுவதை நியாயப்படுத்த இயலாது. நிற்க அஞ்சுவோர் நேரே காவல் நிலையம் செல்லலாம், 108-க்கும் தெரிவிக்கலாம். ஆயினும் ஓட்டுநரை அடிக்கும் ஊர், அடுத்த ஓட்டுநருக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறது. அவ்வாறு ஓடுவதால் உயிரிழப்பவர் நம் ஊராராகவே இருக்கக்கூடும்.

5. ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவதாக, அடிபட்டவரைக் காப்பது. 108 ஊர்தியை அழைக்க வேண்டும். தாமதமானால் கிடைத்த வண்டியில் கொண்டு செல்ல வேண்டும். உதவுவோர் வழக்கில் சிக்குவார்கள் என்ற அச்சம் வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் திருத்தம் 134-ஏ பிரிவின் வாயிலாக அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்துக்கு உள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிப்பதற்காக ஏற்பட்டது.

இரண்டாவதாக, உண்மையைக் காப்பது. “வேகமாக வந்தான்” என்ற ஒரு சொல் மட்டும் குற்றத்தை மெய்ப்பிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே கூறியிருக்கிறது. பிரேக் தேய்ந்த தடம், உடல் கிடந்த இடம், வண்டி நின்ற இடம், விளக்கு எரிந்ததா என்பது, வண்டியின் எண் ஆகியவற்றைக் கண்டவர் கண்டபடியே காவலரிடம் கூற வேண்டும். கூட்டியும் குறைத்தும் சொல்லலாகாது.

மூன்றாவதாக, ஓட்டுநரை அடிக்கவிடாமல் காவலரிடம் ஒப்புவிப்பது. இதற்கு ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் முன்னிற்க வேண்டும்.

நான்காவதாக, நம் வீட்டு வண்டிகளைச் சீராக்குவது. பின்விளக்கும் ஒளி பிரதிபலிப்பானும் இல்லாத டிராக்டர் இழுவைப் பெட்டி, காப்பீடு தீர்ந்துபோன வண்டி, உரிமம் இல்லாத பிள்ளை கையில் மோட்டார் சைக்கிள் ஆகியவை நம் ஊர்களிலும் உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாறான குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 199-ஏ பிரிவு இடமளிக்கிறது. காப்பீடு இல்லாத வண்டி உயிர் பறித்தால், இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் சொத்தின்மீது விழும். லாரிக்காரரிடம் நாம் எதிர்பார்க்கும் பொறுப்பை முதலில் நம் களத்து டிராக்டரிடம் எதிர்பார்ப்போமாக.

6. கிராம சபையில் கலந்தாலோசிக்க வேண்டிய வினாக்கள்

(1) நம் ஊரில் மக்கள் சாலையைக் கடக்கும் இடங்கள் எவை? அங்கே எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் உண்டா? இல்லையெனில் யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும்?

(2) விபத்து நேர்ந்தால் 108-க்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்கும் பொறுப்பை ஒவ்வொரு தெருவிலும் யார் ஏற்பது?

(3) சென்ற ஆறு மாதத்தில் சாலை விபத்தில் உறவினரை இழந்த குடும்பம் நம் ஊரில் உண்டா? அவர்கள் இழப்பீட்டு மனு கொடுத்துவிட்டார்களா?

(4) ஊரிலுள்ள டிராக்டர்களில் எத்தனைக்குப் பின்விளக்கும் காப்பீடும் உள்ளன?

மூன்றாவது வினாவுக்கு விடை “இன்னும் இல்லை” என்றிருந்தால், கூட்டம் முடிந்த மறுநாளே அக்குடும்பத்தினரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் அழைத்துச் செல்ல உறுப்பினர் ஒருவர் முன்வர வேண்டும். அங்குச் சட்ட உதவி இலவசமாகக் கிடைக்கும்.