லிஃப்ட் கிட் வாங்கும் முன்: ஆஃப்ரோடு வண்டி பற்றிய ஒன்பது நம்பிக்கைகள்

திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம், பள்ளிக்கூடம், காய்கறிக் கடை. சனிக்கிழமை விடிந்தால் கொல்லிமலை அல்லது மேகமலை. தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள் பலருக்கு வண்டி ஒன்று, வேலை இரண்டு. ஷோரூம் வாசனை போவதற்குள்ளேயே 'அடுத்து என்ன மாத்தலாம்?' என்ற அரிப்பு தொடங்கிவிடும். யோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை: டயர் கடைக்காரர், மெக்கானிக், நமக்கு முன்னால் வாங்கிய நண்பர். கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். அதைத் தப்பான இடத்தில் போட்டால் மலையிலும் பலன் இருக்காது, தார் ரோட்டில் இருந்த சுகமும் போய்விடும்.

காசு எடுக்கும் முன் ஒரு கேள்வி: உங்கள் வண்டி கடைசியாக எங்கே திணறியது, எதனால் திணறியது? சக்கரம் வழுக்கியதா, அடிவயிறு தட்டியதா, துள்ளிப் பிடி தவறியதா? இதற்குப் பதில் தெரியாமல் வாங்குவதெல்லாம் அலங்காரச் செலவு. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, புழக்கத்தில் இருக்கும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "மொதல்ல ரெண்டு இன்ச் லிஃப்ட் பண்ணு, மத்ததெல்லாம் அப்புறம்."

உண்மை: லிஃப்ட் உயர்த்துவது பாடியையும் சேஸிஸையும்தான். ஜிம்னியின் முன்னும் பின்னும், தாரின் பின்புறமும் முழு நீள ஆக்சில் கொண்டவை. கல்லில் முதலில் தட்டுவது அந்த ஆக்சிலில் தொங்கும் டிஃப்ரன்ஷியல். ஸ்பிரிங்கை எவ்வளவு உயரமாக்கினாலும் அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயரின் விட்டம் மட்டுமே.

லிஃப்டால் பயனே இல்லை என்பதல்ல. மேட்டில் ஏறும்போது பம்பர் இடிக்காது, நடுவயிறு மாட்டாது, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் 2020இல் வந்த தாரே முன்புறம் 41.8 டிகிரி, பின்புறம் 36.8 டிகிரி சரிவைத் தொடாமல் கடக்கும். ஜிம்னியின் தரை இடைவெளி 210 மி.மீ. வார இறுதியில் நாம் போகும் தோட்டப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஏறி இறங்குபவற்றில் பழைய லீஃப் ஸ்பிரிங் ஜீப்புகள் நிறைய உண்டு. அந்தக் கல் பாதையில் அவற்றை ஏற்றிச் செல்வது எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்ற டிரைவரின் கணக்கு.

லிஃப்டின் விலை கிட்டோடு முடிவதுமில்லை. ஜிம்னியை உயர்த்தினால் காஸ்டர் கோணம் குறைந்து ஸ்டியரிங் அலையும். அதைச் சரிசெய்யத் தனி புஷ் வேண்டும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் கோணம் மாறுவதால் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். தாரின் முன்புறத்தில் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழன்று, ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியின் எடை மையம் உயரும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. அந்த ஒவ்வொரு வளைவிலும் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும்.

நம்பிக்கை 2: "ஸ்பேசர் போட்டா போதும், கம்மி செலவுல அதே லிஃப்ட்."

உண்மை: உயரம் அதேதான், ஓட்டம் வேறு. காயில் ஸ்பிரிங்கின் மேல் வட்டை வைத்து உயர்த்தும்போது ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருக்கிறது. வண்டி நிற்கும் நிலையிலேயே அது பாதி நீண்டுவிட்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய நேரத்தில் நீள இடமில்லாமல் முழு நீளத்தில் முட்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அந்தச் சக்கரத்தில் பிடி இல்லை. அடிவயிறு உயர்ந்தது, பிடி குறைந்தது.

நம்பிக்கை 3: "ஹெவி டியூட்டி ஷாக் போட்டா வண்டி லோடு தாங்கும்."

உண்மை: எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஊஞ்சலைத் தாங்குவது சங்கிலி. ஆட்டத்தை நிறுத்துவது பிடிக்கும் கை. ஷாக் அப்சார்பர் செய்வது அந்தக் கையின் வேலை. பழுதான ஷாக்கோடு ஓடும் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் நாலு முறை ஆடி அடங்கும். அதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும்.

ஷாக்குக்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே தள்ளப்படுவதால்தான் ஆட்டம் அடங்குகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி, காற்றோடு கலந்து நுரைத்து, அடக்கும் வலு போய்விடும். நைட்ரஜன் அடைத்த கேஸ் ஷாக்கின் உண்மையான பலன் இந்த நுரையைக் குறைப்பது. ஆக, மலை இறங்கி முடிப்பதற்குள் வண்டி தொளதொளவென்று ஆகிறது என்றால் ஷாக் மாற்றுங்கள். ஆள் ஏறினால் பின்புறம் அமுங்குகிறது என்றால் கோளாறு ஸ்பிரிங்கில்.

நம்பிக்கை 4: "ஸ்பிரிங் கல்லு மாதிரி இருந்தாத்தான் காட்டுக்குத் தாங்கும்."

உண்மை: மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமானால் ஸ்பிரிங் வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்த ஸ்பிரிங் சக்கரத்தைத் தூக்கிவிடும், இடுப்பையும் ஒடிக்கும். கெட்டியான ஸ்பிரிங் யாருக்கு என்றால், இரும்பு பம்பர், விஞ்ச், கூரைக் கூடாரம் என்று எந்நேரமும் எடை சுமக்கும் வண்டிக்கு. பொலிரோ, பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுவதற்கும் இதே கணக்குதான். அதற்கு முன் தேய்ந்த புஷ்களை மாற்றிப் பாருங்கள். 'சஸ்பென்ஷன் போச்சு' என்று வரும் பல வண்டிகளில் போனது சில புஷ்கள்தான்.

நம்பிக்கை 5: "எம்.டி. டயர்தான் அசல் ஆஃப்ரோடு டயர்."

உண்மை: எந்த மண்ணுக்கு என்று கேட்க வேண்டும். ஐப்பசி மழையில் கோவில்பட்டிப் பக்கக் கரிசல் காட்டில் இறங்கினால் மட் டெரெய்ன் டயரின் அருமை தெரியும். ஒட்டிக்கொள்ளும் களிமண் ஆல் டெரெய்ன் டயரின் குறுகிய இடுக்குகளை அடைத்து, சில சுற்றிலேயே அதை மொட்டை டயராக்கிவிடும். எம்.டி.யின் அகன்ற இடைவெளிகள் சுழலும்போது சேற்றை வீசியெறியும். அதே எம்.டி.யோடு தூத்துக்குடித் தேரி மணலுக்குப் போனால் கதை தலைகீழ்: பெரிய பட்டன்கள் மணலைத் தோண்டி வண்டியைப் புதைக்கும். மலையின் கூர்க்கல்லில் முக்கியம் பட்டனைவிடப் பக்கச் சுவரின் உறுதி. பக்கவாட்டில் கிழிந்த டயரைப் பஞ்சர் ஒட்டிக் காப்பாற்ற முடியாது.

இனி மற்ற ஐந்து நாள். நனைந்த தார் ரோட்டில் எம்.டி. தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். இரைச்சலும், தேய்மானமும், எரிபொருள் செலவும் தனி. தினமும் அலுவலகம் போகும் வண்டிக்கு ஆல் டெரெய்ன்தான் நியாயமான சமரசம். கரிசல் சேறு உங்கள் தினசரிப் பாதை என்றால் மட்டும் எம்.டி.

நம்பிக்கை 6: "டயர் எவ்வளவு பெருசோ, வண்டி அவ்வளவு கெத்து."

உண்மை: டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ. பலரும் மாற்றும் 215/75 ஆர்15 சுமார் 703 மி.மீ. விட்டத்தில் கூடுவது 10 மி.மீ.; அதில் பாதிதான் தரை இடைவெளிக்கு வரும். அதாவது 5 மி.மீ. உயரத்துக்காக இந்த அளவு மாற்றுவதாக இருந்தால் கையில் இருக்கும் டயர் தேயும்வரை பொறுங்கள்.

தாரின் 245/75 ஆர்16ஐ 265/75 ஆர்16 ஆக்கினால் விட்டம் சுமார் 30 மி.மீ. கூடும், டிஃப்ரன்ஷியல் 15 மி.மீ. உயரும். இது உண்மையான ஆதாயம். ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட ஏறக்குறைய 4 சதவீதம் வேகமாக ஓடும். சக்கரம் கனப்பதால் பிக்கப் மந்தமாகும், பிரேக்குக்கு வேலை கூடும், முழு ஸ்டியரிங் ஒடித்தால் உள்ளே உரசக்கூடும். அளவோடு லோடு இண்டெக்ஸையும் பாருங்கள்: 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். கம்பெனி டயரைவிடக் குறைந்த எண்ணுக்கு இறங்கக் கூடாது.

நம்பிக்கை 7: "பதினாறு இன்ச் ரிம் ஏழைக்கு, பதினெட்டு இன்ச் அலாய் பணக்காரனுக்கு."

உண்மை: காட்டுப் பாதையில் இது தலைகீழ். தாரின் 255/65 ஆர்18 டயரில் பக்கச் சுவர் உயரம் சுமார் 166 மி.மீ. 245/75 ஆர்16இல் 184 மி.மீ. கல்லில் மோதும்போது வளைந்து கொடுத்து ரிம்மைக் காப்பது அந்தக் கூடுதல் ரப்பர்தான். இரும்பு ரிம் வளைந்தால் தட்டி எடுக்கலாம். அலாய் விரிசல் விட்டால் அதோடு சரி. பதினெட்டிலிருந்து பதினாறுக்கு மாறினால் விட்டத்தில் 15 மி.மீ. குறையும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பணத்தில் தாரை மலைக்குத் தயாராக்க நினைப்பவர் கேட்டுப் பார்க்க வேண்டியது, யாரோ கழற்றிப் போட்ட கம்பெனி இரும்பு ரிம் செட்.

நம்பிக்கை 8: "காத்தைக் கொறைச்சு ஓட்டினா டயர் நாசமாயிடும்."

உண்மை: தார் ரோட்டில் ஓட்டினால் நாசமாகும். பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கக்கூடும். ஆனால் மண்ணில், மெதுவாக ஓட்டும்போது, இதைவிட மலிவான அப்கிரேடு கிடையாது. காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படியும். கல்லை அணைத்துப் பிடிக்கும், மணலில் மிதக்கும், குலுக்கலையும் குறைக்கும். இந்த எடை வண்டிகளுக்குக் கல் பாதையில் 22 முதல் 25 பி.எஸ்.ஐ., மணலில் 15 முதல் 18 என்பது நல்ல தொடக்கம். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. தார் ரோட்டில் ஏறியதும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று நிரப்பியாக வேண்டும். ஒரு நல்ல கேஜும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு டயர் விலைகூட வராது.

நம்பிக்கை 9: "இப்ப ரெண்டு டயர், அடுத்த வருஷம் ரெண்டு. ஆர்.சி.யெல்லாம் யாரு பாக்கறா?"

உண்மை: இரண்டுமே வினை. தாரிலும் ஜிம்னியிலும் நாலு சக்கர இயக்கத்துக்கான 4எச் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு டயர் இருந்தால் இழுபறி முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் விழும். அளவு மாற்றுவதாக இருந்தால் நாலையும் மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. அளவு மாற்றாதவர்கள் பின்கதவில் தொங்கும் முழு அளவு ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். தள்ளுபடியில் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரும் டேப் எடுத்து அளப்பார். அதே மாடலின் இன்னொரு வேரியண்டில் கம்பெனியே தரும் டயர் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பான வழி.

ஆக, பணத்தை எந்த வரிசையில் இறக்குவது? முதலில் புஷ், பால் ஜாயிண்ட், அலைன்மென்ட் என்று இருப்பதைச் சரியாக்குவது. அடுத்து கேஜும் கம்ப்ரஸரும். பிறகு, பழைய டயர் தேய்ந்ததும், நாலு ஆல் டெரெய்ன். அதன் பின் ஷாக். நிரந்தர எடை ஏறியிருந்தால் மட்டும் ஸ்பிரிங். லிஃப்ட் கடைசி, பலருக்கு அந்தக் கட்டம் வரவே வராது. ஒவ்வொரு படிக்குப் பிறகும் முன்பு திணறிய அதே இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வழுக்கியது நின்றுவிட்டதென்றால் அடுத்த படிக்கான பணம் மிச்சம். இன்னும் அடி தட்டுகிறது என்றால், கிட்டுக்கு விலை விசாரிக்கும் முன் ஒருவரை இறங்கச் சொல்லி, முன்னால் நின்று வழிகாட்டச் சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது, ஆர்டிஓ அனுமதியும் வேண்டாம்.