ஸ்டீராய்டு மருந்தும் மாலைச் சர்க்கரையும்

ஒரு பிணியைத் தணிக்கும் மருந்தே மற்றொரு பிணிக்கு வாயிலாதல் வைத்திய சாஸ்திரத்தில் புதியதன்று. ஆயின், அவ்வாறு வந்த இரண்டாம் பிணி பரீக்ஷை செய்யும் வேளையில் ஒளிந்தும், செய்யாத வேளையில் வெளிப்பட்டும் வருமாயின், அது நோயாளரை மட்டுமன்றி அவர்க்கு மருந்தளிப்பவரையும் மயக்கிவிடும். ஸ்டீராய்டு என்னும் மருந்தை நெடுநாள் உட்கொள்வார்க்கு உண்டாகும் இரத்தச் சர்க்கரைப் பெருக்கம் இத்தன்மையது. கீல்வாதம், சுவாசகாசம், சிலவகைச் சிறுநீரக நோய்கள், தொழுநோயில் தோன்றும் நரம்பழற்சி முதலிய பிணிகட்கு இம்மருந்து இன்றியமையாததாய் வழங்கி வருகின்றது. நம் நாட்டிலோ நீரிழிவுடையாரும், நீரிழிவின் வாயிற்படியில் நிற்பாரும் மிகப் பலர். இவ்விதழைப் படிக்கும் மாணவர் பெரும்பாலார்க்கு இம்மருந்து வேண்டாததாயிருக்கலாம். எனினும் வீட்டிலுள்ள பாட்டனாரோ அத்தையாரோ இதனை உண்பவராயின், அவர்க்கு உதவத்தக்கவர் படித்த பிள்ளைகளே யாதலின், இதனைச் சிறிது விரித்தெழுதத் துணிந்தேன்.

சிறுநீரகம் இரண்டன் தலையிலும் தொப்பி கவிழ்த்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி உண்டு. இச்சுரப்பிகள் கெடின் மனிதன் மெலிந்து, கறுத்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து மடிவான் என்பதை இலண்டனில் தாமஸ் அடிசன் என்னும் வைத்தியர் 1855-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அச்சுரப்பியின் புறணியினின்று பல பொருள்களை அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மேயோ வைத்தியசாலையைச் சார்ந்த கெண்டலும், சுவிட்சர்லாந்தில் பேசல் நகரத்து ரைக்ஸ்டைனும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றை, 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கீல்வாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கெண்டலின் தோழராகிய பிலிப் ஹெஞ்ச் ஊசிவழிச் செலுத்தச் செய்தார். சில நாட்களுக்குள் அப்பெண் எழுந்து நடந்தாள். அப்பொருளே பின்னர்க் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்றது. மூவர்க்கும் 1950-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1955 முதல், அதனினும் ஆற்றல் மிக்க பிரெட்னிசோலோன் முதலியன வழக்கத்திற்கு வந்தன. உடற்பயிற்சிக் களரிகளில் தசை பருக்கும் பொருட்டுச் சிலர் இரகசியமாக உண்ணும் ஸ்டீராய்டு வேறு இனத்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க.

நம் சரீரம் ஒரு நாளிற் சுரக்கும் கார்ட்டிசால் ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு, அல்லது அதனினும் சற்றுக் குறைந்த அளவுக்கு, ஒப்பாகும். ஆதலின் நாளொன்றுக்கு 40 மி.கி. உண்பவர், இயற்கை அளந்து தருவதைப்போல் எட்டு மடங்கேனும் உண்கின்றார் எனலாம். இயற்கையில் இச்சுரப்புநீரின் தொழில் யாது? பட்டினியிலும் அபாயத்திலும் மூளைக்கு வேண்டிய சர்க்கரை குறையாமற் காப்பது. பஞ்ச காலத்திற் களஞ்சியத்தைத் திறந்து ஊரைக் காக்கும் மணியகாரனை இதற்கு ஒப்பிடலாம். விளைச்சல் நிறைந்த காலத்தும் அம்மணியகாரன் நாடோறும் களஞ்சியத்தைத் திறந்து நெல்லைத் தெருவிற் கொட்டுவானாயின் என்னாகும்? அதுவே ஸ்டீராய்டு மிகும்போது நிகழ்கின்றது. ஈரலானது தசைகளினின்று கரைந்து வரும் புரதத்தைக்கொண்டு புதிய சர்க்கரையைச் சமைத்து இரத்தத்தில் விடுகின்றது. தசைகளோ இன்சுலினின் ஏவலுக்குச் செவிசாயாமல், வந்த சர்க்கரையை ஏற்க மறுக்கின்றன. கொழுப்புத் திசுவினின்று கரைந்து வரும் கொழுப்பமிலங்கள் இம்மறுப்பை மேலும் வலுப்படுத்துகின்றன. இக்குறையை ஈடுசெய்ய மிகுதியாக இன்சுலின் சுரக்கவேண்டிய கணையமும் இம்மருந்தினால் ஓரளவு தளர்ச்சி யடைகின்றது. இளமையும் நல்ல கணையமும் உடையார் இதனைத் தாங்குவர். முதியோர், பருத்த தேகமுடையோர், பெற்றோர்வழி நீரிழிவு உடையோர், கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்ட தாய்மார் ஆகிய இவர்கள் தாங்குதல் அரிது.

இனி, தலைப்பிற் குறித்த மாலை வேளைக்கு வருவோம். சரீரத்தின் இயற்கைச் சுரப்பு விடியற்காலையில் மிகுந்து இரவிற் குறைவது. இதனை ஒட்டியும், இராத் தூக்கம் கெடாமைப் பொருட்டும், பிரெட்னிசோலோனைக் காலை ஆகாரத்துடன் ஒரே வேளையாகக் கொடுத்தல் வழக்கம். காலை 8 மணிக்கு உண்ட மாத்திரை, நண்பகல் முதற் சர்க்கரையை ஏற்றத் தொடங்கும். பிற்பகலிலும் மாலையிலும் அது உச்சத்தை அடையும். இரவெல்லாம் சிறிது சிறிதாக இறங்கி, மறுநாள் விடியலில் ஏறக்குறையத் தன் நிலைக்கு வந்துவிடும். நம்மவர் இரத்தப் பரீக்ஷைக்குச் செல்வது எப்போது? வெறும் வயிற்றோடு காலை ஏழு மணிக்கு! அந்நேரத்தில் 98 எனக் காட்டும் இரத்தம், அன்று மாலை நான்கு மணிக்கு 280 எனக் காட்டுதல் கூடும். காலைச் சீட்டை மட்டும் கண்டு, “எனக்குச் சர்க்கரை இல்லை” என மகிழ்ந்திருப்பவர், தாகத்திற்கும் அடிக்கடி சிறுநீர் கழிதற்கும் வெயிலையும் மூப்பையும் காரணமாகக் கூறிக்கொள்வர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் பரீக்ஷையும், மருந்து தொடங்கிய முதற் சில வாரங்களில் உண்மையை முழுதுங் காட்டாது. பழைய நல்ல நாட்களும் அச்சராசரியிற் கலந்திருக்குமன்றோ?

ஆதலின், காலையில் ஒரே வேளை பிரெட்னிசோலோன் உண்பவர் முக்கியமாகச் சோதிக்கவேண்டிய நேரம் பகலுணவு உண்ட ஒன்று இரண்டு மணிக்குப் பின், அல்லது இராவுணவுக்கு முன் ஆகும். முன்பு நீரிழிவு இல்லாதவர்க்கும் மருந்து தொடங்கிய நாள்முதல் நாடோறும் ஒருமுறை இவ்வாறு சோதிக்கவேண்டும் என்றும், அளவு 216 மி.கி.யை மீறுமாயின் நாளுக்கு நான்கு முறை சோதிக்கவேண்டும் என்றும் பிரித்தானிய நீரிழிவு வைத்தியர் வகுத்துள்ளனர். விரல் நுனியிற் குத்தி ஒரு துளி இரத்தத்தைக்கொண்டு வீட்டிலேயே காணும் குளுக்கோமீட்டர் இதற்குப் போதும். டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஒன்றரை நாளுக்குக் குறையாமல் வேலை செய்வதாகலின், அதனை நாடோறும் உண்பார்க்குக் காலைச் சர்க்கரையும் ஏறும். பிரெட்னிசோலோனையே இருவேளையாகப் பிரித்து உண்பவர்க்கும் அவ்வாறே. ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பவர்க்கோ, உண்ட நாளும் உண்ணாத நாளும் இரு வேறு மனிதருடைய நாட்களைப்போல் இருக்கும்! மூட்டினுட் போடும் ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றி அடங்கும்.

இதனைக் கவனியாமையால் வந்த கேட்டை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம். கொரோனா நோயாற் பிராணவாயு தேவைப்பட்டோர்க்கு டெக்ஸாமெத்தசோன் நாளுக்கு 6 மி.கி. கொடுத்தால் மரணம் குறையும் என்று ஆக்ஸ்போர்டினர் நடத்திய ஆராய்ச்சி 2020 ஜூன் மாதத்தில் வெளிவந்தது. அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் 2021-இல் நம் நாட்டில் எழுந்த இரண்டாம் அலையின்போது, பிராணவாயு வேண்டாதவர்க்கும், வேண்டிய அளவுக்கு மேலும், வேண்டிய நாட்களுக்கு மேலும் ஸ்டீராய்டு வழங்கப்பட்டதுண்டு. சர்க்கரை கட்டுக்கடங்காத சரீரங்களிற் கருப்புப் பூஞ்சை எனப்பட்ட நோய் புகுந்து, மூக்கையும் கண்ணையும் அரித்து, ஆயிரக்கணக்கானோரைப் பற்றியது. அங்ஙனம் கண்ணிழந்தோர்க்கு ஸ்டீராய்டு மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. நீரிழிவும் அக்கொடிய தொற்றும் உடன் நின்றன. ஆயினும் ஸ்டீராய்டு எழுதிய சீட்டின் பக்கத்திலேயே சர்க்கரைப் பரீக்ஷையும் எழுதப்பட்டிருப்பின், பலர் தப்பியிருப்பர் என்பது என் துணிபு.

நிற்க. சர்க்கரை ஏறியதைக் கண்டவுடன் மருந்தையே நிறுத்திவிடுவோர் ஒருசாரார். இதனினும் கொடிய பிழை வேறில்லை. தொழுநோயில் நரம்பழற்சி உண்டானவர்க்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒரு முறையின்படி 40 மி.கி. தொடங்கி, இரண்டு வாரத்துக்கொருமுறை 30, 20, 15, 10, 5 எனக் குறைத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிப்பர்; சிலர்க்கு இன்னும் நீட்டிப்பர். இடையில் ஒருவர் சர்க்கரைக்கு அஞ்சி மாத்திரையை எறிந்துவிட்டால், வீங்கிய நரம்பு நசிந்து, விரல்கள் மடங்கிப்போம். அல்லது பாதம் உணர்ச்சியற்றுப்போம். சர்க்கரையை இன்சுலினால் இறக்கலாம். இறந்த நரம்பை எழுப்புதல் எளிதன்று. அன்றியும், மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் வெளியிலிருந்து மருந்து வருமாயின், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தன் தொழிலை மறந்து உறங்கிவிடும். திடீரென மருந்தை நிறுத்தினால் வாந்தி, சோர்வு, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் ஆகியன தோன்றி உயிர்க்கே இறுதி நேரலாம். ஆகையால் மருந்தைக் குறைத்தலும் நிறுத்தலும், அதனைக் கொடுத்த வைத்தியர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது ஆகாரம். இம்மருந்து சர்க்கரையை ஏற்றுவதோடு பசியையும் கிளறிவிடும். நோயாளர் அடிக்கடி உண்ண விழைவது அவருடைய பெருந்தீனித்தனம் என்று வீட்டார் இகழலாகாது. நம் வழக்கப்படி சோற்றின் பெரும்பங்கு நண்பகலில் விழுகின்றது. பின், நான்கு மணிக்குச் சர்க்கரையிட்ட காப்பியும் பலகாரமும் வருகின்றன. மருந்து தன் முழுவலியோடு நிற்கும் வேளையும் அதுவே! ஆதலிற் குறைக்கவேண்டியது பகற்சோறும் மாலைப் பலகாரமுமே. சோற்றைப் பாதியாக்கிப் பருப்பு, கீரை, காய்கறி, மீன் அல்லது முட்டை ஆகியவற்றை மிகுத்தல் நன்று. தசை கரையும் இக்காலத்திற் புரதம் குறையலாகாது. காலை ஆகாரத்தில் அவ்வளவு கெடுபிடி வேண்டுவதில்லை. நோயாளிக்கு நல்லதென்று எண்ணி உறவினர் கொண்டுவரும் பழரசமும் சத்துமாவுக் கஞ்சியும் அன்பின் அடையாளங்களே. ஆனால் அவற்றை அன்போடு மறுத்துவிடுக. உண்டபின் கால்மணி நேரம் நடத்தல், மூட்டும் இருதயமும் இடந்தருமாயின், மருந்துக்கொப்பான பயன் தரும்; உழைக்கும் தசை இன்சுலினின் ஏவலைப் பெரிதும் எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

ஆகாரத்தால் மட்டும் அடங்காவிடில் மருந்து வேண்டும். மெட்ஃபார்மின் சிலர்க்குப் போதும். கிளிக்லசைடு என்னும் மாத்திரையைக் காலையில் கொடுத்தால் அதன் வேலை பகலிலே நிகழும். மிக ஏறினவர்க்கு இன்சுலினே தஞ்சம். இங்கே ஓர் அழகிய பொருத்தம் உண்டு. டென்மார்க் தேசத்து ஹாகெடோர்ன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் 1946-இல் உருவான என்.பி.எச். இன்சுலின், போட்ட சில மணிக்குப் பின் எழுந்து, பகலில் உச்சமடைந்து, இரவில் தேய்வது. காலைப் பிரெட்னிசோலோனின் ஏற்றமும் தேய்வும் ஏறக்குறைய அவ்வாறே. இரண்டையும் காலையில் ஒருங்கே கொடுப்பின், ஏற்றத்தை ஏற்றம் சந்திக்கும். அதை விடுத்து, நாள் முழுதும் ஒரே சீராக வேலை செய்யும் நெடிய இன்சுலினை மாலைச் சர்க்கரையைப் பார்த்து மிகுதியாக ஏற்றினால், விடியற்காலையிற் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். அளவை நோயாளரின் நிறையையும் ஸ்டீராய்டின் அளவையும் ஒட்டி வைத்தியரே கணக்கிடுவர்.

பலர் மறக்கும் செய்தி இனித்தான் வருகின்றது. ஸ்டீராய்டு 40-லிருந்து 20-க்கும், 20-லிருந்து 10-க்கும் இறங்கும்போது, சர்க்கரை மருந்தும் உடன் இறங்கவேண்டும். மூட்டு வைத்தியர் ஒரு சாலையில் ஸ்டீராய்டைக் குறைப்பார். வேறொரு சாலையிலுள்ள நீரிழிவு வைத்தியர் எழுதிய இன்சுலினோ பழைய அளவிலேயே நிற்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் காணாமையால், வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் முதலிய தாழ்வின் குறிகள் தோன்றும். அளவு 70-க்குக் கீழ்ப்பட்டால் உடனே மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் குடித்து, கால்மணி கழித்து மறுபடி சோதிக்கவேண்டும். வீட்டிற் படித்த பிள்ளை ஒருவர், ஸ்டீராய்டின் அளவு, இன்சுலினின் அளவு, மாலைச் சர்க்கரை ஆகிய மூன்றையும் ஒரே குறிப்புப் புத்தகத்தில் நாடோறும் எழுதி, இரு வைத்தியர்க்கும் காட்டுவாராயின், அப்புத்தகம் விலையுயர்ந்த பல கருவிகள் செய்யாத உபகாரத்தைச் செய்யும். காய்ச்சலோ வாந்தியோ கண்டால் சர்க்கரை ஏறுவதோடு ஸ்டீராய்டின் தேவையும் ஏறும். மாத்திரை வயிற்றில் தங்காவிடில் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் சென்று, தாம் ஸ்டீராய்டு உண்பவர் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

ஸ்டீராய்டையே உண்டறியாதவர்க்கும் இவ்வாறு சர்க்கரை ஏறுதல் உண்டு. மூட்டுவலியையும் இளைப்பையும் ஒரே வாரத்தில் ஓட்டுவதாகச் சொல்லி, பெயரற்ற பொட்டலங்களில் விற்கப்படும் சூரணங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரீக்ஷைகளிற் கண்டறியப்பட்டுள்ளது. முகம் உருண்டு, பசி பெருகி, வலி மாயமாய் மறைந்தால், அச்சூரணத்தின் மேல் ஐயுற இடமுண்டு. அதனையும் திடீரென நிறுத்தாது வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுதலே முறை.

மருந்து முடிந்தபின், பெரும்பாலார்க்குச் சர்க்கரை தானே தணியும். சிலர்க்குத் தணிவதில்லை; உள்ளே ஒளிந்திருந்த நீரிழிவை ஸ்டீராய்டு முன்னரே வெளிப்படுத்திற்று என்றே அவர்கள் திறத்திற் கொள்ளவேண்டும். ஆகையால் கடைசி மாத்திரை உண்ட மூன்று மாதத்திற்குப் பின் எச்.பி.ஏ.1.சி. பரீக்ஷை ஒருமுறையும், அது சரியாயிருப்பினும் அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் செய்துகொள்ளவேண்டும். ஸ்டீராய்டு முற்றும் நின்றுவிட்டமையால், அப்போது காலையில் வெறும் வயிற்றோடு எடுக்கும் பரீக்ஷையையும் நம்பலாம்.