சாதனக் கோப்புகளும் அவற்றை ஆளும் முறையும்

ஒன்றை ஆளக் கற்பவன் முதற்கண் அதன் பெயரை அறிதல் வேண்டும். அறிந்தபின், அப்பெயர் எப்பொருளைச் சுட்டுகின்றதென்பதை ஐயந்திரிபற உணர்தல் வேண்டும். முன்னையதோடு அமைந்துவிட்டமையால் விளைந்த கேட்டினை நாம் பட்டறிந்தோம். எம் கல்லூரி மாணவருட் பலர் இந்நாளிற் கணினித் துறையை நாடுதலின், அவ்வநுபவத்தை ஒரு பாடமாக இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே தோன்றியது. அதனை ஆக்கியோருள் முதன்மையானவர்களாகிய கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்னும் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலே, வன்பொருட் சாதனங்களையும் கோப்புகளாகவே கொள்வதன் நன்மைகள் மூன்றினை எடுத்துரைத்தனர். கோப்பிற்கும் சாதனத்திற்கும் வாசித்தலும் எழுதுதலும் இயன்றவரை ஒரு தன்மையனவாதல் ஒன்று. கோப்பின் பெயரை ஏற்கும் நிரல் சாதனத்தின் பெயரையும் ஏற்றல் மற்றொன்று. இரண்டிற்கும் காவல் ஒன்றே ஆதல் பிறிதொன்று. விசைப்பலகை, அச்சுப்பொறி, வன்தட்டு யாவும் 'டெவ்' என்னும் கோப்புறையிற் பெயர் பெற்று நிற்பது இக்கருத்தினாலேயாம்.

ஆயின், அப்பெயரின் உள்ளே இருப்பது யாது? தரவு ஒன்றுமில்லை. சாதனத்தின் வகையும் இரண்டு எண்களுமே உள. பட்டியலிட்டு நோக்கின், வரியின் முதலெழுத்து 'சி' ஆயின் வரியுருச் சாதனம்; 'பி' ஆயின் தொகுதிச் சாதனம். ஏனைக் கோப்புகளுக்கு அளவு காட்டப்படும் இடத்தில் இங்கே இரண்டு எண்கள் தோன்றும். பேரெண், எச்சாதனச் செலுத்தியை அழைப்பதென உணர்த்தும். சிற்றெண், அச்செலுத்தியின் கீழுள்ள எவ்வுறுப்பென உணர்த்தும். லினக்ஸ் முறைமையிலே 'எஸ்டீஏ' என்னும் வன்தட்டிற்கு எண்கள் 8, 0. அதன் முதற் பிரிவிற்கு 8, 1. 'எஸ்டீபி' என்னும் அடுத்த தட்டிற்கு 8, 16. வாயிலிலே தொங்கும் பெயர்ப்பலகை வீடன்று என்பதுபோல, சாதனக் கோப்பும் சாதனமன்று. அதனிடஞ் செல்லும் வழியே.

முற்காலத்தில் இப்பெயர்களை 'எம்கேநோட்' என்னும் கட்டளையாற் கையாலேயே அமைத்தனர். இல்லாத சாதனங்களுக்கும் பெயர்கள் முன்கூட்டியே இடப்பட்டமையின் கோப்புறை பெருகிற்று. இக்குறையை நீக்க, லினக்ஸில் 2003இல் 'யூடெவ்' என்னும் நிரல் எழுந்தது. சாதனம் பொருத்தப்பட்டதென முறைமையின் கருப்பகுதி அறிவித்தவுடன் அது விதிகளை நோக்கிப் பெயரும் அனுமதியும் வழங்கும். 2009 முதல் கருப்பகுதி தானே நினைவகத்தில் இப்பெயர்களைத் தோற்றுவிக்கின்றது. யூடெவ் அனுமதிகளையும் மாற்றுப் பெயர்களையும் பார்த்துக்கொள்கின்றது.

இனி, நாம் தவறிய இடத்தைக் கூறுவாம். நாம் பணியாற்றிய ஓரலுவலகத்தில் ஒரு கணினிக்கு இரண்டு வன்தட்டுகள் இருந்தன. வெறுந்தட்டு 'எஸ்டீபி' என முதல்நாட் குறித்து வைத்தோம். மறுநாட் கணினியை மீள இயக்கி, அக்குறிப்பை நம்பிப் புதிய முறைமையை அத்தட்டின்மீது எழுதினோம். அன்றோ அப்பெயர் தரவுகள் நிறைந்த தட்டிற்குச் சென்றிருந்தது! இப்பெயர்கள் தட்டுகள் கண்டறியப்படும் வரிசையால் அமைவன. அவ்வரிசை மாறவுங் கூடும். சாதனக் கோப்பில் எழுதுவோனை எவரும் "உறுதியோ?" என்று வினவுவதில்லை. பிரதி எடுத்து வையாத சில மாதக் கணக்குகளை அலுவலர்கள் தாள்களிலிருந்து மீளப் பதிந்தனர். அவர்கள் எம்மைக் கடிந்திலர். அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

இதற்குப் பரிகாரம் உண்டு. தட்டின் தொடரிலக்கம் முதலியவற்றால் அமைந்த மாறாப் பெயர்களை யூடெவ் 'டெவ்' கோப்புறையின் 'டிஸ்க்' என்னும் பகுதியில் இணைப்புகளாக வைத்திருக்கின்றது. அவற்றையே ஆளுதல் வேண்டும்.

அனுமதி பற்றியும் ஒன்று கூறுதல் தகும். சாதனம் இயங்காதபோது, கோப்பினை எல்லார்க்குந் திறந்துவிடுதல் சிலர் வழக்கம். வன்தட்டின் கோப்பை வாசிக்க வல்லவன் அதனுள் மறைகுறியாக்கப்படாத ஒவ்வொருவர் கோப்பையும் வாசிக்க வல்லவனாவான். தனித்தனிக் காவல்கள் அவனைத் தடுக்கமாட்டா. ஆகவே, உரிய பயனரை உரிய குழுவிற் சேர்த்தலே முறை.

மாணவர்காள்! எழுதுமுன் பெயரைப் பாராது பொருளைப் பாருங்கள், தட்டின் அளவையும் தொடரிலக்கத்தையும் ஒப்புநோக்குங்கள், பிரதியொன்று எடுத்துவையுங்கள். இம்மூன்றிற்குஞ் செல்லும் நேரம் சில நிமிடங்களே. அவற்றை மிச்சம்பிடித்தமையால் நாம் இழந்தது பிறருடைய பல நாளுழைப்பாகும்.