தட்டில் சோற்றுக்கு எவ்வளவு இடம்?

அன்பு மருமகளுக்கு,

விடுதிச் சாப்பாடு என்றாலே எல்லோரும் எண்ணெயையும் ருசியையும்தான் குறை சொல்வார்கள். என் கணிப்பில் அவை இரண்டாம் பட்சம். மெஸ் சாப்பாட்டின் கோளாறு அதன் கணக்கில் இருக்கிறது. சோறு எத்தனை முறை கேட்டாலும் விழும். பொரியல் ஒரு கரண்டி, முட்டை ஒன்று, அதுவும் கிழமை பார்த்து. அரிசி மலிவு, காய் விலை நாளுக்கொன்று. செலவை எல்லோர் தலையிலும் பிரித்துப் போடும் டிவைடிங் முறையில் மாத பில் ஏறினால் முதலில் முணுமுணுப்பதும் மாணவர்கள்தான். ஆகவே யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே, வயிறு சோற்றால் நிரம்பும்படி அந்த ஏற்பாடு அமைந்துவிடுகிறது. மெஸ் பட்டியல் உன் கையில் இல்லை. தட்டில் சோற்றுக்கு எவ்வளவு இடம் என்பது உன் கையில் இருக்கிறது. பெரியகுளத்தில் தங்கிப் படிக்கப்போகும் உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இது பத்தியம் பிடித்தவனின் பேச்சல்ல, நூறாண்டு ஆராய்ச்சி இதற்குப் பின்னால் இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோருக்கு பி1 உயிர்ச்சத்து குறைந்து, கால் மரத்து, இதயம் தளர்கிற நோய் அது. பிற்பாடு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று தின்ற எலிகள் திடமாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு தின்றவை நோஞ்சானாயின. இதை வைத்து அரிசியே ஆகாது என்பது அவசர முடிவு. அந்த ரொட்டிக்குத் துணையாகப் பாலும் பருப்பும் காயும் தாராளமாக இருந்தன, நம் சோற்றுக்குத் துணை பேருக்குத்தான் இருந்தது. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 2024இல் அது வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் தானியம் 250 கிராம்; இட்லி, தோசை, சோறு எல்லாம் அதற்குள், சமைப்பதற்கு முந்தைய எடையில். காய்கறியோ 400 கிராம். கூடவே பருப்பு வகை 85 கிராம், பால் 300 மில்லி, பழம் 100 கிராம். நம் வழக்கமான தட்டு இதற்கு நேர் தலைகீழ்.

"தாத்தா காலத்தில் கும்பா நிறையச் சோறு தின்றுதானே திடமாக இருந்தார்கள்?" என்று கேட்பாய். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் வயலில் விடியலில் இறங்கிப் பொழுதுசாய ஏறியவர்கள் அவர்கள். தின்ற சோற்றை அந்த வேலை கேட்டது. உன் நாளோ வகுப்பு பெஞ்சிலும் செல்போனிலும் கழிகிறது. தவிர, அவர்கள் எல்லோரும் திடமாக இருந்தார்கள் என்பதே பாதி கற்பனை; பிழைத்துக் கிடந்தவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

இந்தத் தலைகீழ்த் தட்டு என்ன செய்யும் என்பதற்கு ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் (2019–21) பார். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே வயதினரிடம். காரணம் சாப்பாடு மட்டுமல்லதான். ஆனாலும் வயிறு நிறைந்தும் சத்து சேராத நிலை ஒன்று இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அதனால் பட்டினி கிடந்து ஒல்லியாவது இதற்கு மருந்தே அல்ல. காலை இட்லியைத் தள்ளிவிட்டுப் பதினோரு மணிக்கு எக் பப்ஸ் தேடுவது கணக்கை இன்னும் மோசமாக்கும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறை. அந்த இடத்துக்குக் கூட்டையோ பொரியலையோ இரண்டாம் முறை கேள். சாம்பாரை மேலாக ஊற்றாமல் அடியிலிருந்து பருப்போடு அள்ளிப் போடச் சொல்.

"இரண்டாம் முறை தரமாட்டார்கள்" என்பது நியாயமான ஆட்சேபம்தான். அங்கேதான் நீ படிக்கப்போகும் ஊர் கைகொடுக்கிறது. உலகில் பல நாடுகளில் பயிராகும் பி.கே.எம்.1 செடிமுருங்கை 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் வெளியானது. அதன் பெயரில் இருப்பதே பெரியகுளம்தான். சுற்றிலும் வாழை, கொய்யா, பருவத்தில் மாம்பழம், பள்ளத்தாக்கில் இறங்கினால் பன்னீர் திராட்சை. ஒரு தட்டுப் புரோட்டாவுக்கு ஆகும் காசில் சில நாள் கொய்யா தின்னலாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. கொய்யாவிலும் எலுமிச்சையிலும் உள்ள சி உயிர்ச்சத்து அதற்கு உதவும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ தடுக்கும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிவை. அறையில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் டப்பாவில் இருக்கட்டும்.

சாப்பாட்டோடு உடற்பயிற்சியும் வேண்டும்; அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்கு வேலையும். பெரியகுளத்தின் வடகரையிலிருந்து தென்கரைக்கு வேகமாக நடப்பதும் கணக்கில் சேரும். தசைக்குத் தோப்புக்கரணமும் மாடிப்படியும் போதும். எலும்பு வலுப்பெறுவதெல்லாம் இருபதுகளோடு பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே.

மெஸ் கமிட்டியில் பேர் கொடு. சாயங்கால பஜ்ஜிக்குப் பதில் வாரம் மூன்று நாள் சுண்டல் என்று கேள். பில் பெரிதாக ஏறாது, அதனால் சண்டையும் குறைவு. கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே அரசு மருத்துவமனையில் இரத்தம் பார்த்துக்கொள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் உணவோடு நிற்காமல் மருத்துவர் சொல்லும் மாத்திரையையும் ஒழுங்காகப் போடு. தீபாவளிக்கு வரும்போது அந்தச் சீட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
மாமா