ரெஃபர் எழுதும் முன்

அன்புள்ள தம்பி,

கவுன்சிலிங்கில் உனக்குத் தாலுகா மருத்துவமனை கிடைத்ததாகச் சொன்னாய். இரவில் நீ ஒருவன், சிஸ்டர் ஒருவர், ஒரு பணியாளர். லேப் மாலையோடு பூட்டப்பட்டுவிடும். வென்டிலேட்டர் கிடையாது. அந்த நிலையில் கை தானாகப் போவது ரெஃபர் சீட்டுக்குத்தான்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள். லேப் இல்லையே என்று தயங்காதே. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். 2 மில்லி ரத்தம் எடுத்து அதில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார். உறையாமல் ஓடினால் பெரும்பாலும் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்திருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் தவறான முடிவைக் காட்டும். குழாய்களை யார், எதில் கழுவுகிறார்கள் என்று சேர்ந்த அன்றே விசாரித்து வை. ரத்தம் உறைந்துவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடாதே. முதல் மூன்று மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறை திரும்பப் பார். இரவில் அந்த ஒரே சிஸ்டருக்கு வார்டு முழுக்க வேலை இருக்கும். இதை நீயே செய்.

உறையவில்லையென்றால் விஷமுறிவு மருந்தை அங்கேயே ஏற்று. எட்டு முதல் பத்து குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் மருந்தைத் தொடாமலே ஆம்புலன்சில் ஏற்றிவிடுகிறார்கள். பயம் நியாயமானது. அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துப் படுக்கையருகே வைத்துக்கொண்டு தொடங்கு. 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரோடு பாம்பைப் பிடித்து வடநெம்மேலியில் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து உருவாகும் விஷமுறிவு மருந்து அது. அது குளிர்பெட்டியில் கிடக்க, நோயாளி சாலையில் நேரத்தை இழப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கட்டுவிரியன் கதை வேறு. தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும், பல்தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறவரின் இமைகளைப் பார். அவை சரிந்தால் மூச்சும் நின்றுபோகலாம். அவரை அனுப்பத்தான் வேண்டும். மருந்தைத் தொடங்கிவிட்டு அனுப்பு. 108-இல் வரும் உதவியாளரிடம் வழியில் என்ன நடக்கக்கூடும் என்று சொல்லி, ஆம்பு பேக் கைக்கெட்டும்படி இருக்கிறதா என்று நீயே பார்த்துவிடு. சீட்டில் 'மேல் சிகிச்சைக்காக' என்று மட்டும் எழுதாமல் கடித்த நேரம், குழாய்ச் சோதனையின் முடிவு, ஏற்றிய குப்பிகள், தொடங்கிய மணி எல்லாம் எழுது. நீ அனுப்பும் மருத்துவமனையின் டியூட்டி டாக்டரைப் போனில் கூப்பிட்டும் சொல்.

மருந்தே இல்லாத இரவும் வரலாம். மழைக்காலத்துக்கு முன்பே பார்மசிஸ்டோடு உட்கார்ந்து இருப்பைப் பார். குறைவை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

கூட வந்தவர்கள் கத்துவார்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை, ஏன் அனுப்புகிறோம் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் நீயே வெளியே போய்ச் சொல். சிஸ்டரை அனுப்பாதே.

அன்புடன்,
உன் அண்ணன்